கல்லாவில் உட்கார்ந்திருக்கிற நமக்கு: டெல்டா வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வணிகர் சங்க நிர்வாகிகளுக்கும், ஓட்டல், லாட்ஜ், பேக்கரி, பியூட்டி பார்லர் நடத்துகிற அண்ணன்மார், அக்காமார், தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன், அதற்கு முன்னால் சில வருடங்கள் சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். நம் சங்கக் கூட்டங்களில் ஜிஎஸ்டி பற்றிப் பேசுகிறோம், கடை வாடகை பற்றிப் பேசுகிறோம், ஆன்லைன் வியாபாரம் நம் வயிற்றில் எப்படி அடிக்கிறது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் நம் கடைகளில் வேலை பார்க்கிற மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, அசாம், நேபாளப் பிள்ளைகளை நம் கண்ணெதிரே ஆட்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. அதைப் பேச வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சைனா, சப்பமூக்கு, ஜாக்கிசான், மோமோ. 2020இல் ஊரடங்கு நேரத்தில் கொரோனா என்றே கூப்பிட்டார்கள். எங்கள் தெருப் பக்கம் பார்லரில் வேலை பார்த்த ஒரு பெண் மளிகைக்கடை வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் விலகிப்போய், அந்தப் பெண்ணைச் சுற்றி மட்டும் ஒரு பெரிய வட்டம் காலியாக இருந்ததை நான் பார்த்தேன். அந்தப் பெண் பிறந்தது இந்தியாவில், பேசியது நம் தமிழ், கையில் பிடித்திருந்தது நம் ரேஷன்கடைப் பை. சீனாவை வரைபடத்தில் தவிர வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்.

சமீபத்தில் மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு ஓட்டலில் நடந்ததைச் சொல்கிறேன், ஓட்டல் பெயர் வேண்டாம். நவக்கிரக சுற்றுலா வந்த குடும்பம் போலிருந்தது, நல்ல படித்த தோற்றம், எட்டு பேர். பரிமாறிய தம்பி மணிப்பூர்க்காரர், வயது இருபதைத் தாண்டியிருக்காது. குடும்பத் தலைவர் கையைத் தட்டி, "டேய் சைனா, ரெண்டு தண்ணி பாட்டில்" என்றார். மேசையே சிரித்தது. ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் இரண்டு விரலால் கண்ணோரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்தத் தம்பியைப் பார்த்து ஏதோ சத்தம் எழுப்பினான், அதற்கும் சிரிப்பு. கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த முதலாளியும் தலையை நிமிர்த்திப் பார்த்துச் சிரித்தார். தம்பி தண்ணீர் பாட்டிலோடு வந்தார், மூடியைத் திருகித் திறந்தார், கண்ணை இழுத்துக் காட்டிய அதே பையனுக்கு டம்ளரில் சிந்தாமல் ஊற்றினார். "வேற என்ன சார் வேணும்?" என்று கேட்டார். அவர்கள் போன பிறகு முதலாளியிடம் கேட்டேன். "விளையாட்டுக்குத்தானே அண்ணே, அவனே ஒண்ணும் நினைச்சுக்க மாட்டான்" என்றார். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பியிடம் கேட்டேன். "பழகிடுச்சு அண்ணா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் வந்த கோபத்தைவிட முதலாளியின் சிரிப்பு மேல் வந்த கோபம்தான் அதிகம். அந்த வாடிக்கையாளர் அடுத்த கோயிலுக்குப் போய்விடுவார், திரும்ப வரமாட்டார். கல்லாவில் இருக்கிறவர் சிரித்தால் அந்தக் கடையில் அப்படிப் பேசலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பக்கத்து மேசைக்காரருக்கு, சமையல்கட்டில் இருக்கிற நம்மூர் மாஸ்டருக்கு, கண்ணை இழுத்துக் காட்டிய அந்தப் பையனுக்கு, எல்லோருக்கும். இது கடையில் நடக்கிற விஷயம். கடையில் நடக்கிறதை நிறுத்தக்கூடியவர் கடைக்காரர் மட்டும்தான். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

தில்லையாடி தெரியாத டெல்டாக்காரர் இருக்க மாட்டார். பொறையாறு பக்கம், வள்ளியம்மை நினைவு மண்டபம் இருக்கிற ஊர். பள்ளிக்கூடத்தில் தியாகி என்று படித்தோம், எந்தச் சட்டத்தை எதிர்த்து அந்தப் போராட்டம் மூண்டது என்பதை நம்மில் பாதிப்பேர் மறந்துவிட்டோம். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1907இல் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே "ஆசியர்" என்று இருந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆசிய ஆணும் விரல் ரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும், போலீஸ்காரர் கேட்ட இடத்தில் சான்றிதழை எடுத்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வியாபார உரிமம் கிடையாது. தலையில் கூடை சுமந்து தெருவில் காய்கறி விற்றவர்கள் உரிமம் இல்லை என்று ஜெயிலுக்குப் போனார்கள். அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்களில் முன்வரிசையில் நின்றது யார் தெரியுமா? அந்த ஊர் வெள்ளைக்காரக் கடைக்காரர்கள். ஆசியர்கள் சிக்கனமாக வாழ்கிறார்கள், குறைந்த லாபத்துக்கு விற்கிறார்கள், நம் பிழைப்பு போகிறது என்பதுதான் அவர்களின் புகார். இந்தப் புகாரை நாம் சமீபத்தில் எங்கே கேட்டோம் என்று யோசித்துப் பாருங்கள், அதற்குக் கீழே வருகிறேன்.

அந்தச் சட்டத்தில் ஆசியர் என்றால் தமிழர், குஜராத்தியர் மட்டுமில்லை, சீனர்களும்தான். ஜோகன்னஸ்பர்க்கில் சீன வியாபாரிகளும் இந்திய வியாபாரிகளும் சேர்ந்தே பதிவு செய்ய மறுத்தார்கள், சேர்ந்தே ஜெயிலுக்குப் போனார்கள். 1908 ஜனவரியில் ஜெயிலுக்குள்ளிருந்து அரசாங்கத்துக்குப் போன சமரசக் கடிதத்தில் மூன்று கையெழுத்துகள் இருந்தன. ஒன்று காந்தியுடையது. இன்னொன்று தமிழர்களின் தலைவராக இருந்த தம்பி நாயுடுவுடையது. மூன்றாவது சீனர் சங்கத் தலைவர் லியூங் குவினுடையது. கொடுத்த வாக்கை அரசாங்கம் காப்பாற்றவில்லை என்றதும், அதே வருடம் ஆகஸ்ட் 16ஆம் தேதி ஹமீதியா மசூதி முன்னால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களைக் குவித்து எரித்தார்கள். அன்றைக்கு நம் ஆட்களும் சப்பமூக்கு என்று இன்று நாம் கேலி பேசுகிற முகம் கொண்டவர்களும் ஒரே சட்டத்தால் ஒரே மாதிரி இழிவுபடுத்தப்பட்டவர்கள். ஒரே பக்கம் நின்றார்கள்.

வள்ளியம்மை வருவது அதற்குப் பிறகு, 1913இல். இந்தியர்களின் கல்யாணங்களே செல்லாது என்று ஆக்கிய ஒரு தீர்ப்பும், ஒப்பந்தக் கூலியாகப் போய் காலம் முடிந்தவர்கள் மேல் போடப்பட்ட மூன்று பவுண்டு தலைவரியும் சேர்ந்து பெண்களையே தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டன. தாயார் மங்களத்தோடு பதினைந்து வயதுப் பெண்ணாக ஊர்வலத்தில் நடந்தார். மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் கடுங்காவல். காய்ச்சலோடு வெளியே வந்தார். ஜெயிலுக்குப் போனதற்காக வருத்தப்படுகிறாயா என்று காந்தி கேட்டபோது, இன்னொரு முறை கைது செய்தாலும் போகத் தயார் என்று அந்தக் குழந்தை சொன்னதை காந்தியே எழுதி வைத்திருக்கிறார். 1914 பிப்ரவரி 22, தன் பிறந்தநாளன்றே இறந்துபோனார், பதினாறு வயது. சில மாதங்களில் மூன்று பவுண்டு வரி ஒழிந்தது, கல்யாணங்கள் செல்லும் என்று சட்டம் வந்தது. அடுத்த வருடம் காந்தி தில்லையாடிக்கே வந்தார்.

அந்த மண்டபத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள் என்று உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். கூடவே உங்கள் கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். "அப்படியெல்லாம் இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லையே, வாய்வார்த்தைதானே" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அடி எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அருணாசலப் பிரதேசத்துக் கல்லூரி மாணவர் நிடோ தானியா 2014 ஜனவரி 29ஆம் தேதி டெல்லி லஜ்பத் நகரில் ஒரு கடையில் வழி கேட்டார். கடையில் இருந்தவர்கள் அவருடைய தலைமுடியையும் தோற்றத்தையும் கேலி பேசினார்கள். அவர் கோபத்தில் கடைக் கண்ணாடியை உடைத்தார், அவர்கள் அடித்தார்கள், மறுநாள் இறந்துபோனார். தொடக்கம் ஒரு கடையின் கேலிப்பேச்சு. கடையில் இருந்த பெரியவர் ஒருவர் "விடுப்பா, அந்தப் பிள்ளைக்கு வழியைச் சொல்லி அனுப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இன்று முப்பது வயது தாண்டி எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பார்.

அதற்குப் பிறகுதான் வடகிழக்கு மக்கள் படும் பாட்டை ஆராய மத்திய அரசின் பெஸ்பரூவா குழு அமைக்கப்பட்டது. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டிக்கத் தனிச் சட்டப்பிரிவுகள் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதற்கு முன்னாலேயே, 2012இல், வடகிழக்குப் பழங்குடி மக்களை அப்படி இழிவுபடுத்துகிறவர்கள் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடும்படி மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அதே வருடம் ஆகஸ்டில் வெறும் வதந்தியை நம்பி, உயிருக்குப் பயந்து பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வடகிழக்குப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ரயில் ஏறியதை டிவியில் பார்த்தோம். பத்து வருடமாக ஒரு ஊரில் வேலை பார்த்தவர் ஒரே ராத்திரியில் மூட்டை கட்டுகிறார் என்றால், நமக்காக இந்த ஊரில் யாரும் நிற்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி அவர்களைத் துன்புறுத்துகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுங்கள் என்று உள்துறை அமைச்சகம் மறுபடி எழுத வேண்டியிருந்தது. காகிதம் வந்துகொண்டுதான் இருக்கிறது. மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற தம்பிக்கு அந்தக் காகிதம் எட்டவில்லை.

இந்த வெறுப்புக்கு ஆளைச் சரியாகப் பார்க்கக்கூடத் தெரியாது. 1982இல் அமெரிக்காவின் டெட்ராய்டில் வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞரை கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவரும் அவருடைய மனைவியின் மகனும் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். ஜப்பான் கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரம். அவர் ஜப்பானியரே இல்லை. கொன்றவர்கள் ஒரு நாள்கூட ஜெயிலில் கழிக்கவில்லை, நன்னடத்தைக் கண்காணிப்பும் மூவாயிரம் டாலர் அபராதமும்தான். அவருடைய அம்மா லில்லி சின் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், அதுவரை தனித்தனியாக இருந்த சீனர், ஜப்பானியர், கொரியர், பிலிப்பினோ எல்லோரும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தது அந்த வழக்கிலிருந்துதான். 2017இல் கன்சாஸில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்த ஹைதராபாத்துக்காரர் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லாவைச் சுட்டுக் கொன்றவர், அவரை ஈரான்காரர் என்று நினைத்தார். 2021 மார்ச்சில் அட்லாண்டாவில் மசாஜ் நிலையங்களில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். இதையெல்லாம் செய்தியில் பார்த்து நாம் பதறினோம். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகளுக்கு போன் போட்டு, ராத்திரியில் வெளியே போகாதே என்றோம். நம் வீட்டுப் பிள்ளைக்காகப் பதறுகிற அந்த மனசு மணிப்பூரில் இருக்கிற ஒரு அம்மாவுக்கும் இருக்கும்.

இன்னொன்றும் எனக்கு மனசை அறுக்கிறது. வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நாடி ஜோதிடம் பார்க்க ஜப்பானிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தாராசுரத்தைப் பார்க்க கொரியாக்காரர்கள், தைவான்காரர்கள் வருகிறார்கள். அவர்களை எப்படி வரவேற்கிறோம்! நாற்காலி போட்டு, டிகிரி காபி கொடுத்து, கூட நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அதே மாதிரி கண்ணும் மூக்கும் உள்ள பிள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு தட்டு எடுத்தால் சைனா. அப்படியானால் நமக்குப் பிரச்சினை முகம்கூட இல்லை, அந்த முகம் நமக்கு வேலை செய்கிறது என்பதுதான். நம் மண் இப்படி இருந்ததில்லை. கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசர் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்டியபோது அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தையே எழுதிக் கொடுத்தவர் ராஜராஜ சோழர், செப்பேடு இருக்கிறது. அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கிய வியாபாரிகளுக்கும் பிக்குகளுக்கும் எந்த மாதிரி முகம் இருந்திருக்கும்?

மேலே ஒரு புகாரைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். "இவங்க வந்துதான் நம்ம ஆளுங்க பிழைப்பு போச்சு." மேற்கு வங்கத்திலிருந்து நடவுக்கு ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கம் இந்தப் பேச்சு அதிகமாகிவிட்டது, வடக்கன் என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். நடவு நட்டே வயிறு கழுவிய நம்மூர்ப் பெண்களுக்கு வேலைநாள் குறைகிறது என்கிற கவலை பொய்யில்லை, அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஏக்கருக்கு இவ்வளவுதான் என்று பேசி முடித்தது வரப்பில் குனிந்து நிற்கிற வங்காளி இல்லை. நிலம் வைத்திருக்கிற நாம், ஏஜென்ட், கடை வைத்திருக்கிற நாம். கூலி பற்றிச் சண்டை போட வேண்டுமென்றால் நம்மிடம்தான் போட வேண்டும். வெளியூர்ப் பிள்ளைக்கும் உள்ளூர்க் கூலியைக் கொடுத்துவிட்டால் இந்தப் புகாரில் பாதி தானாகவே விழுந்துவிடும். டிரான்ஸ்வால் கடைக்காரர்கள் தம்பி நாயுடுவைப் பற்றிச் சொன்னதையே நாம் இவர்களைப் பற்றிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம், இதை மீறி வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் தனி ஆளின் திறமையை மட்டும் பேசுகிறோம். திறமை வேண்டும்தான். ஆனால் கதையை முழுசாகப் படித்தால் உள்ளே இருந்த யாரோ ஒருவர் வாயைத் திறந்திருப்பார். எங்கள் ஊர் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீட்டைப் பார்க்க உலகமே வருகிறது. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி 1917இல் அவரை ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்க மறுத்தது. கறுப்பர் ஒருவர் ஃபெலோவாக வருவதை ஏற்க முடியாது என்று எதிர்த்தவர்களில் ஒருவர் பேசியதாக அங்கிருந்த கணித அறிஞர் லிட்டில்வுட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ராமானுஜனை அங்கே வரவழைத்த கணித அறிஞர் ஹார்டியும் லிட்டில்வுட்டும் விடவில்லை. 1918 மே மாதம் ராயல் சொசைட்டி ஃபெலோ, அதே வருடம் அக்டோபரில் டிரினிட்டியின் முதல் இந்திய ஃபெலோ. கணக்கு ராமானுஜனுடையது, கதவைத் திறக்கச் சொல்லி உள்ளேயிருந்து தட்டியது அவர்கள்.

இன்னொருவர், திருவானைக்காவில் பிறந்த சி.வி.ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி, வளாகத்தில் வந்து பாடம் நடத்தக்கூடாது என்று டீன் ஒருவர் தடுத்தார். பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ராபர்ட் ஹட்சின்ஸ், அவர் பாடம் நடத்தட்டும் என்று சொல்லிவிட்டார், முடிந்தது விஷயம். 1983இல் அந்தச் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது. ஹட்சின்ஸ் உட்கார்ந்திருந்தது பெரிய நாற்காலி, நாம் உட்கார்ந்திருப்பது கல்லா நாற்காலி, ஆனால் அவர் செய்தது நம்மாலும் முடிகிற காரியம்தான்.

சிங்கப்பூரில் நான் பார்த்ததைச் சொன்னால் உங்களில் பலர் தலையாட்டுவீர்கள், ஏனென்றால் நம் டெல்டாவில் சிங்கப்பூர் போகாத வீடு குறைவு. வாடகை விளம்பரத்திலேயே இந்தியர்களுக்கு இல்லை என்று போட்டிருப்பார்கள். எனக்கும் போனில் பேசும்போது இருக்கிற அறை, நேரில் போய் நின்றதும் இல்லாமல் போயிருக்கிறது. குழம்பு வாசம், எண்ணெய் வாசம் என்பார்கள். ஆனால் அதே ஊரில்தான் 2011இல் இதுவும் நடந்தது: சீனாவிலிருந்து புதிதாக வந்த குடும்பம் ஒன்று பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசத்தைப் பற்றிப் புகார் செய்து, அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் குழம்பு வைப்பதாகச் சமரசம் ஆனது என்று செய்தி வெளியானதும், ஆகஸ்ட் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் குழம்பு வைப்போம் என்று ஊரே கிளம்பிவிட்டது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று ஆயிரக்கணக்கான பேர். பெரும்பான்மையாக இருந்தவர்களே அடுப்பைப் பற்றவைத்து, உங்கள் சாப்பாடு எங்கள் சாப்பாடும்தான் என்று சொன்னார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதே நாம் இங்கே என்ன செய்கிறோம்? வடகிழக்குப் பிள்ளைகள் வீடு கேட்டு வந்தால் முதல் கேள்வி, "என்ன சாப்பிடுவீங்க?" கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வீட்டு வாசலில் நின்றே அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் சங்க உறுப்பினர்களில் நிறையப் பேர் வாடகைக்கு வீடு விடுகிறவர்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நான்கு பேர் படுத்துக்கொள்வதற்கு ஊரில் வீடு கிடைக்காததும் ஒரு காரணம்.

நம்மூரிலேயே இதை மாற்றிக் காட்டிய ஒருவரைச் சொல்கிறேன், பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். மிசோரத்துக்காரர். ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவி, பிறகு ஃப்ரைட் ரைஸ் மாஸ்டராகி, கடைசியில் தனியாகச் சின்னக் கடை போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். இடம் கொடுக்க யாரும் வரவில்லை. ஒரு காய்கறி மண்டிக்காரர், வயதானவர், தன் கட்டடத்தின் முன்பக்கத்தைக் கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை, முதல் சில வாரங்கள் சாயங்காலமானால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்தார். எவனாவது "டேய் சைனா" என்று ஆரம்பித்தால், "தம்பிக்குப் பேர் இருக்கு, பேரைச் சொல்லிக் கேளுங்க" என்பார், சத்தம் போடாமல். அவ்வளவுதான். இன்று டியூஷன் முடித்து வருகிற பிள்ளைகள் அந்தக் கடையில் வரிசையில் நிற்கிறார்கள், எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும், அண்ணா சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். ஆவி பறக்கிற பாத்திரத்தைத் திறந்து, சின்னப் பிள்ளைகளுக்குக் காரச் சட்னியைக் குறைத்து வைத்து, "சூடா இருக்கு, மெதுவா" என்று தட்டை நீட்டுகிறார். அந்தப் பாத்திரம் என் கடையில் வாங்கியதுதான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். தமிழ் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார், கணக்கு நோட்டில் பாக்கி வைத்தவர்கள் பெயரையெல்லாம் தமிழில்தான் எழுதுகிறார்.

பெயர் விஷயத்தில் நமக்கு இருக்கிற ரோஷமும் நினைவுக்கு வருகிறது. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் வேர் உள்ள கமலா ஹாரிஸின் பெயரை 2020 அக்டோபரில் டேவிட் பெர்டியூ என்ற செனட்டர் மேடையில் கோணல்மாணலாகச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தபோது நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! அமெரிக்காவில் இருக்கிற ஆசியர்கள் தங்கள் முழுப்பெயரையும் அதற்குப் பொருளையும் எழுதிப் பதிலடி கொடுத்தார்கள், நாமும் பகிர்ந்தோம். மணிப்பூரின் மீராபாய் சானு 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கி வெள்ளி வாங்கியபோது நம் கடைக்காரர்கள் எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அந்த மீராபாயின் ஊர்ப்பிள்ளைக்குத்தான் நம் ஓட்டலில் பெயர் இல்லை.

சங்கத்திடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் எதுவும் இல்லை. கடையில் வேலை செய்கிற யாரையும் முகத்தைச் சொல்லி, ஊரைச் சொல்லி, மாநிலத்தைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, முதலாளியும் கூடாது, மாஸ்டரும் கூடாது, வாடிக்கையாளரும் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். வாடிக்கையாளர் அப்படிப் பேசினால் முதலாளி எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "சார், தம்பி பேர் இது" என்றால் போதும், சண்டை வேண்டாம். வியாபாரம் கெட்டுப்போகும் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்த மண்டிக்காரரின் வாடகைக் கடையில் இன்றுவரை கூட்டம் குறையவில்லை. ஆதார் அட்டையை வாங்கி கல்லாப்பெட்டியில் பூட்டி வைக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதை இன்றே திருப்பிக் கொடுங்கள். யாராவது அடித்தாலோ, பெண் பிள்ளைகளிடம் தப்பாக நடந்தாலோ, போலீஸ் ஸ்டேஷனுக்கு அந்தப் பிள்ளை தனியாகப் போக வேண்டியிருக்கக் கூடாது, சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும், எப்.ஐ.ஆர். போடும்வரை உட்கார வேண்டும். நம் கடையில் திருட்டுப் போனால் பத்துப் பேர் போய் நிற்கிறோம் இல்லையா, அப்படி. வீடு வாடகைக்கு விடுகிற உறுப்பினர்கள், நம்மவர் கடையில் வேலை பார்க்கிறவர் என்று சங்கம் ஒரு கடிதம் கொடுத்தால் வீடு கொடுக்கிறேன் என்று முன்வரட்டும். என்னிடம் மாடியில் ஒரு போர்ஷன் இருக்கிறது, முதல் கடிதத்துக்கு நான் கொடுக்கிறேன்.

அந்தப் பிள்ளைகளையே கூட்டத்துக்குக் கூப்பிட்டு ஒரு அரைமணி நேரம் பேச விடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியிருப்பது நான் பார்த்தது மட்டும். அவர்கள் அனுபவிப்பதில் இது எவ்வளவு என்று அவர்கள் சொன்னால்தான் தெரியும். தமிழ் தெரிந்தவர்கள் தமிழில் பேசுவார்கள், மற்றவர்களுக்கு அவர்களில் ஒருவரே மொழிபெயர்ப்பார்.

அடுத்த மாதக் கூட்டத்தின் விவாதப் பொருள்களில் இதைச் சேர்க்கும்படி கும்பகோணம் சங்கச் செயலாளர் அவர்களுக்கு தனியாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தீர்மானத்துக்கு ஒரு வரைவும் சேர்த்திருக்கிறேன், திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். மற்ற ஊர்ச் சங்கத்தார் யாருக்கு அந்த வரைவு வேண்டுமானாலும் கடைக்கு வந்தால் தருகிறேன், ஞாயிறு மதியம் தவிர எப்போதும் கடையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சங்க உறுப்பினர் ஒருவர்